செயின்சாவில் காற்றுக் கசிவு: கண்டறிவதும் அடைப்பதும்

ஐட்லிங்கில் செயின்சா ஒரே சீராக நிற்காமல் ஏறி இறங்கத் தொடங்கினால், பலருடைய கை முதலில் போவது கார்புரேட்டர் ஸ்க்ரூவுக்குத்தான். கால் சுற்றுத் திருப்பியதும் என்ஜின் சற்று அடங்கி ஓடுவது போல இருக்கும். நன்றாகச் சூடேறியதும் பழைய தொல்லை திரும்பிவிடும். கார்புரேட்டரைத் தவிர வேறு எங்கோ ஓர் இடுக்கு வழியாக என்ஜினுக்குள் காற்று நுழைந்துகொண்டிருக்கும்போது, ஸ்க்ரூவைத் திருப்புவதால் அறிகுறி மறையுமே தவிர கசிவு அடைபடாது. கசிவு இருக்கிறதா, இருந்தால் எங்கே என்பதை அழுத்தச் சோதனையும் வெற்றிடச் சோதனையுமே தெளிவாகச் சொல்லும். அவற்றைச் செய்யாமல் பாகங்களை ஒவ்வொன்றாக வாங்கி மாற்றிப் பார்ப்பது காசுக்கும் கேடு, நேரத்துக்கும் கேடு. பெட்ரோலில் ஓடும் டூ ஸ்ட்ரோக் செயின்சாவை இதுவரை பிரித்துப் பழகாத ஒருவர் இச்சோதனைகளை வரிசையாகச் செய்து, கசியும் இடத்தைக் கண்டு, அதைச் சரிசெய்வதற்கான வழி கீழே தரப்படுகிறது.

கசிவு ஏன் இவ்வளவு கேடு செய்கிறது

டூ ஸ்ட்ரோக் என்ஜினில் கிராங்க் கேஸ் என்பது கிராங்க் ஷாஃப்ட்டை மூடும் வெறும் உறை அன்று. அதுவே ஒரு பம்ப்பாகவும் வேலை செய்கிறது. பிஸ்டன் மேலே ஏறும்போது கிராங்க் கேஸுக்குள் அழுத்தம் குறைந்து, கார்புரேட்டர் வழியாகக் காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை உள்ளே இழுக்கப்படுகிறது. பிஸ்டன் கீழே இறங்கும்போது அந்தக் கலவை அழுத்தப்பட்டு, பக்கவாட்டு வழிகளில் ஏறி சிலிண்டருக்குள் செல்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் இவ்வாறு ஒருமுறை வெற்றிடமும் ஒருமுறை அழுத்தமும் மாறிமாறி வருவதால், கிராங்க் கேஸைச் சுற்றியுள்ள ரப்பர், கேஸ்கெட் (இரு பாகங்களுக்கு இடையே வைக்கும் அடைப்புத் தாள்), ஆயில் சீல் (ஷாஃப்ட் வெளியே வரும் இடத்தை அடைக்கும் ரப்பர் வளையம்) ஆகிய அனைத்தும் இரு திசையிலும் காற்றைத் தடுத்து நிற்க வேண்டியிருக்கிறது. சுமையின்றி முழு வேகத்தில் நிமிடத்துக்கு 12,000 சுற்றுகளைத் தாண்டும் செயின்சாக்கள் சாதாரணம் என்பதை நினைத்தால், அவை படும் பாடு புரியும்.

எங்காவது கசிந்தால், கார்புரேட்டர் அளந்து கொடுக்காத காற்று கலவையில் சேர்ந்து, பெட்ரோலின் பங்கு குறைந்துவிடுகிறது. மெக்கானிக்குகள் இதை ‘லீன் ஆகிவிட்டது’ என்பார்கள். லீனான கலவை அதிகச் சூட்டோடு எரிவது ஒரு கேடு. இந்த என்ஜினுக்குத் தனியாக ஆயில் ஊற்றுவதில்லை, பெட்ரோலில் கலந்து வரும் ஆயில்தான் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் மசகு என்பதால், பெட்ரோல் குறையும்போது ஆயிலும் சேர்ந்து குறைவது அதைவிடப் பெரிய கேடு. சூடு கூடி மசகு குறைந்தால் பிஸ்டன் சிலிண்டரில் உரசிப் பிடித்துக்கொள்ளும். புகை வெளியேறும் பக்கம் ஏற்கெனவே அதிகச் சூடுள்ளது என்பதால் கீறல்கள் பெரும்பாலும் அங்கேதான் முதலில் விழும். கலவையில் ஆயிலைக் கூட்டி ஊற்றினால் காப்பாற்றிவிடலாம் என்று சிலர் நம்புகிறார்கள். ஆயில் கூடினால் அந்த அளவுக்குப் பெட்ரோல் குறைகிறது; கலவை இன்னும் சற்று லீனாகத்தான் ஆகும்.

கசிவைக் காட்டும் அறிகுறிகள்

ஐட்லிங்கில் சுற்று ஏறி இறங்குவது முதல் அறிகுறி. முழு வேகத்தில் ஓட்டி ட்ரிகரை விட்டதும், சுற்று உடனே இறங்காமல் சில நொடிகள் மேலேயே தங்கி, பிறகு மெதுவாக இறங்குவது அதைவிட உறுதியான அறிகுறி. ட்ரிகரை விட்ட பின்னும் செயின் சுற்றிக்கொண்டே இருந்தால் அந்த இயந்திரத்தைப் பழுது பார்க்கும்வரை வேலைக்கு எடுக்கவே கூடாது. கார்புரேட்டரில் குறைந்த வேகக் கலவையை அமைக்கும் ‘எல்’ ஸ்க்ரூவை எவ்வளவு திறந்தாலும் ஐட்லிங் மாறாமல் இருப்பது, சூடான பிறகு திரும்ப ஸ்டார்ட் ஆக மறுப்பது ஆகியவையும் கசிவைச் சுட்டும்.

ஐட்லிங்கில்தான் இவை அதிகமாகத் தெரியும். திராட்டில் (கார்புரேட்டரின் காற்று வழியைத் திறந்து மூடும் தகடு) மூடியிருக்கும்போது என்ஜின் இழுக்கும் மொத்தக் காற்றே குறைவு. அதில் கசிந்து வரும் காற்றின் பங்கு பெரிதாகிவிடுகிறது. முழு வேகத்தில் அந்தப் பங்கு சிறிதாகி, இயந்திரம் நன்றாக ஓடுவது போலத் தோன்றும். ஆனால் சூடும் சுமையும் உச்சத்தில் இருப்பது அப்போதுதான் என்பதால், பிஸ்டன் கெடுவதும் அப்போதுதான்.

ஓடும் நிலையிலேயே செய்யக்கூடிய எளிய பரிசோதனை ஒன்று உண்டு. என்ஜினைச் சூடாக்கி ஐட்லிங்கில் விட்டு, இரு கைகளாலும் உறுதியாகப் பிடித்து, இயந்திரத்தை இடப்பக்கமும் வலப்பக்கமும் மெதுவாகச் சாய்த்து, பிறகு பாரின் (செயின் ஓடும் நீண்ட தகட்டின்) முனை கீழே பார்க்கும்படி பிடித்துப் பாருங்கள். ஏதோ ஒரு நிலையில் சுற்று சட்டென ஏறினாலோ என்ஜின் நின்றுபோனாலோ, கிராங்க் ஷாஃப்ட் சீலோ, பேரிங்கோ, கார்புரேட்டரை என்ஜினோடு இணைக்கும் ரப்பரோ பழுதாகியிருக்க வாய்ப்பு அதிகம். இதைச் செய்யும்போது பார், செயின், கிளட்ச் மூடி எல்லாம் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும். மூடி இல்லாமல் ஓட்டினால் கிளட்ச் கழன்று தெறிக்கக்கூடும்.

ஓடும் என்ஜின்மீது கார்புரேட்டர் கிளீனரைப் பீய்ச்சி, எங்கே பீய்ச்சும்போது சுற்று மாறுகிறது என்று பார்க்கும் வழக்கமும் இருக்கிறது. சூடான சைலன்சருக்குப் பக்கத்தில் எரியும் திரவத்தைப் பீய்ச்சுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தீ அபாயம் ஒருபுறம் இருக்க, விசிறியாகவும் சுழலும் ஃப்ளைவீலின் காற்று அந்தத் திரவத்தை எல்லாப் பக்கமும் வாரி அடிப்பதால் கிடைக்கும் பதிலும் நம்பத் தக்கதன்று.

கசிவு என்று முடிவு கட்டும் முன்

கசிவு போலவே தோற்றம் தரும் சில சாதாரணக் கோளாறுகளை முதலில் விலக்கிவிட வேண்டும். பெட்ரோல் டேங்குக்குள் இருக்கும் ஃபில்டர் அடைத்திருந்தாலும் கலவை லீனாகும். டேங்கின் காற்று வழி அடைத்திருந்தால், சிறிது நேரம் ஓடியதும் டேங்குக்குள் வெற்றிடம் ஏற்பட்டு என்ஜின் சோர்ந்துபோகும். அப்போது என்ஜினை நிறுத்தி மூடியைச் சற்றுத் தளர்த்தினால் ‘உஸ்’ என்று காற்று உள்ளே போவதும், மறுபடி ஸ்டார்ட் செய்தால் நன்றாக ஓடுவதும் கோளாறு அங்கேதான் என்பதைக் காட்டிவிடும். பெட்ரோல் குழாய் டேங்கின் சுவரைத் துளைத்து வெளியே வரும் இடத்தில் வெடித்திருந்தால் பெட்ரோலோடு காற்றும் சேர்ந்து வரும்; குழாயை வெளியே இழுத்து, வளைத்துப் பார்த்தால்தான் அந்த வெடிப்பு கண்ணில் படும். கார்புரேட்டருக்குள் இருக்கும் டயஃப்ரம் என்ற மெல்லிய சவ்வு விறைத்துப்போயிருந்தாலும் இதே கதைதான். இவை எல்லாம் சரியாக இருந்தும் தொல்லை தொடர்ந்தால் மட்டும் சோதனைக்கு இறங்குங்கள்.

தேவையான கருவிகள்

அழுத்தமும் வெற்றிடமும் இரண்டையும் தரக்கூடிய, மீட்டர் பொருத்திய கைப் பம்ப் ஒன்று இருந்தால் போதும். வண்டிகளின் பிரேக் ஆயிலை இழுத்து எடுக்கப் பயன்படும் கைப் பம்ப்புகள் பல இந்த வகையைச் சேர்ந்தவை. அழுத்தத்துக்கு மட்டும், ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் ரப்பர்க் குமிழையும் மீட்டரையும் பயன்படுத்தலாம். அதன் மீட்டர் 300 மி.மீ. பாதரசம் வரைதான் காட்டும், அது அழுத்த அலகான ‘பார்’ கணக்கில் சுமார் 0.4 பார். கசிவு இருக்கிறதா இல்லையா என்று பார்க்க அதுவே போதும் என்றாலும், வெற்றிடத்துக்கு வேறு பம்ப் தேவைப்படும்.

இவை தவிர, 2 முதல் 3 மி.மீ. கனமுள்ள ரப்பர் ஷீட், அதைப் பின்னாலிருந்து அழுத்திப் பிடிக்கச் சிறு உலோகத் தகடு, பொருத்தமான ரப்பர்க் குழாய்த் துண்டுகள், சோப்பு நீர், சிறு பிரஷ், மாடலுக்குரிய டார்க்ஸ் அல்லது ஆலன் சாவிகள் ஆகியவை வேண்டும். ஸ்பார்க் பிளக் துளையில் திருகி மாட்டும் குழாய் முனை இருந்தால் சில மாடல்களில் வேலை எளிதாகும்.

என்ஜினை மூடுவது

என்ஜின் முழுவதும் ஆறிய பிறகு, பிளக் வயரைக் கழற்றி, பெட்ரோலை வெளியே எடுத்துவிட்டு, பார், செயின், ஏர் ஃபில்டர், கார்புரேட்டர், சைலன்சர் ஆகியவற்றைக் கழற்ற வேண்டும். சைலன்சரை எடுத்ததும் புகை வெளியேறும் துளை வழியாக டார்ச் அடித்துப் பிஸ்டனைப் பாருங்கள். பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஓடும் ஆழமான கீறல்கள் இருந்தால், கசிவை அடைத்தாலும் என்ஜின் தேறாது; சிலிண்டரையும் பிஸ்டனையும் மாற்றுவதா, இயந்திரத்தையே கைவிடுவதா என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துகொள்வது நல்லது. அப்போதும் கசிவைக் கண்டுபிடிக்காமல் புதுப் பிஸ்டன் போடக் கூடாது. முதல் பிஸ்டனைத் தின்ற கசிவு இரண்டாவதையும் தின்றுவிடும்.

பிஸ்டன் நன்றாக இருந்தால் ஒவ்வொரு வழியாக அடைத்துக்கொண்டு வாருங்கள்.

1. புகை வெளியேறும் துளைமீது ரப்பர் ஷீட்டை வைத்து, அதன்மேல் தகட்டையோ சைலன்சரையோ வைத்து போல்ட்டை இறுக்கவும்.

2. கார்புரேட்டர் உட்கார்ந்திருந்த இடத்தில், இன்டேக் ரப்பரின் வாயில் ரப்பரும் தகடும் வைத்து மூடவும். இன்டேக் ரப்பரைக் கழற்றிவிட்டுச் சிலிண்டரை நேரடியாக மூடக் கூடாது. சந்தேகத்துக்குரிய முதல் பாகமே அந்த ரப்பர்தான், அதுவும் சோதனைக்குள் இருக்க வேண்டும்.

3. டீகம்ப்ரஷன் வால்வு (எளிதாக ஸ்டார்ட் செய்யச் சிலிண்டரின் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு) இருக்கும் மாடலில், வால்வு மூடிய நிலையில் இருக்கட்டும். பின்னால் கசிவு தெரிந்தால் அந்த வால்வைக் கழற்றி, துளைக்கு அடைப்பான் போட்டு மறுபடி பார்க்கலாம்.

4. பம்ப்பை இணைக்க இரண்டு இடங்கள் உண்டு. கிராங்க் கேஸிலிருந்து கார்புரேட்டருக்குத் துடிப்பைக் கொண்டு செல்லும் மெல்லிய இம்பல்ஸ் குழாய் தனியாக இருந்தால் அதில் இணைத்து, ஸ்பார்க் பிளக்கை வழக்கம்போல் இறுக்கிவிடவும். அந்த வழி இன்டேக் ரப்பருக்குள்ளேயே அமைந்த மாடலில், அதைத் தகட்டால் மூடிவிட்டு, பிளக் துளை வழியாகக் காற்றை ஏற்றவும்.

பிஸ்டன் நிற்கும் இடமும் முக்கியம். பிளக் துளை வழியாகக் காற்றை ஏற்றும்போது பிஸ்டன் கீழே இருக்க வேண்டும். அப்போதுதான் பக்கவாட்டு வழிகள் திறந்து, மேலே ஏற்றும் காற்று கிராங்க் கேஸுக்கும் சென்று சேரும். பிஸ்டன் மேலே நின்றால் நீங்கள் சோதிப்பது பெரும்பாலும் பிஸ்டன் ரிங்கையாகத்தான் இருக்கும்.

என்ஜினோடு இணைக்கும் முன், பம்ப்பின் குழாய் நுனியை விரலால் அடைத்து, அழுத்தம் ஏற்றி, மீட்டர் முள் அசையாமல் நிற்கிறதா என்று பாருங்கள். பம்ப்பே கசிந்தால் மற்ற எல்லாமே வீண். பிறகு வரும் முதல் கசிவும் பெரும்பாலும் நீங்கள் வைத்த அடைப்பில்தான் இருக்கும். அதைச் சரிசெய்யும் பொறுமை இந்த வேலையில் பாதி.

அழுத்தமும் வெற்றிடமும்

0.5 பார், அதாவது சுமார் 7 பி.எஸ்.ஐ. வரை அழுத்தத்தை ஏற்றி நிறுத்துங்கள். அதைவிட மிக அதிகமாக ஏற்றினால் நல்ல சீலையே இடம் பெயர்த்துவிட வாய்ப்புண்டு. நல்ல என்ஜினில் முள் 20 நொடிகளுக்கு அசையாமல் நிற்க வேண்டும். தயாரிப்பாளர்களிடையே இந்த எண்களில் வேறுபாடு உண்டு. உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவல் கையில் இருந்தால் அதில் உள்ள எண்ணையே பின்பற்றவும்.

அழுத்தம் நிற்பதைப் பார்த்து வேலை முடிந்தது என்று எழுந்துவிடுவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. ஆயில் சீலின் உதடு உள்பக்கம் பார்த்து அமைந்திருக்கிறது. உள்ளிருந்து அழுத்தம் வரும்போது அந்த உதடு ஷாஃப்ட்டின்மீது இன்னும் இறுக்கமாகப் படியும். தேய்ந்த சீல்கூட இச்சோதனையில் தேறிவிடும். உள்ளே வெற்றிடம் ஏற்படும்போது வெளிக்காற்று உதட்டை ஷாஃப்ட்டிலிருந்து தூக்கிவிடும். என்ஜின் ஓடும்போது வெளிக்காற்று உள்ளே நுழைவதும் இவ்வாறுதான். ஆகவே பம்ப்பை வெற்றிடத்துக்கு மாற்றி, 0.5 பார் வரை இழுத்து, மீண்டும் 20 நொடிகள் பாருங்கள். வெற்றிடம் சற்றுக் குறைவது இயல்பு. 20 நொடி முடிவிலும் 0.3 பாருக்குக் கீழே போகாமல் இருந்தால் சீல்கள் நல்ல நிலையில் உள்ளன என்று கொள்ளலாம்.

இரு சோதனைகளின்போதும் ஃப்ளைவீலைக் கையால் மெதுவாகச் சற்று முன்னும் பின்னும் திருப்பி, முள்ளைக் கவனியுங்கள். ஷாஃப்ட்டில் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தாலோ பேரிங்கில் ஆட்டம் இருந்தாலோ, ஒரு நிலையில் நிற்கும் முள் இன்னொரு நிலையில் விழும். பிஸ்டன் நகரும்போது உள்ளே உள்ள இடம் சுருங்கி விரிவதால் முள்ளும் சற்று அசையும். அதைக் கசிவு என்று எண்ண வேண்டாம். திருப்பி நிறுத்திய பிறகும் தொடர்ந்து இறங்குகிறதா என்பதே கேள்வி.

கசியும் இடத்தைப் பிடிப்பது

இரண்டு அளவுகளையும் உலர்ந்த நிலையிலேயே எடுத்துக் குறித்துக்கொண்ட பிறகுதான் சோப்பு நீரை எடுக்க வேண்டும். முதலில் சோப்பு நீரைப் பூசிவிட்டுப் பிறகு வெற்றிடம் இழுத்தால், அந்த நீர் கசிவு வழியாகப் பேரிங்குக்குள் போய்விடும்.

மீண்டும் 0.5 பார் அழுத்தம் ஏற்றி, பிரஷ்ஷால் சோப்பு நீரை இடமிடமாகப் பூசிப் பாருங்கள். சைக்கிள் ட்யூபில் பஞ்சர் பார்ப்பது போலத்தான்; ஆனால் இங்கே பெரிய குமிழியை எதிர்பார்க்கக் கூடாது. இன்டேக் ரப்பரின் கிளாம்ப் ஓரம், சிலிண்டர் கிராங்க் கேஸோடு சேரும் கோடு, கிராங்க் கேஸின் இரு பாதிகள் சேரும் கோடு, இம்பல்ஸ் குழாயின் இரு முனைகள், டீகம்ப்ரஷன் வால்வின் தலை, பிளக்கின் வாஷர் என்று வரிசையாகப் பார்த்துவர வேண்டும். மெல்லிய கசிவு வெள்ளை நுரையாக, கடுகளவுக் குமிழிகளின் வரிசையாகத்தான் தெரியும். நல்ல வெளிச்சத்தில், ஒரு இடத்துக்கு அரை நிமிடமாவது கொடுத்துப் பார்த்தால்தான் கண்ணில் படும்.

சீல்கள் இரண்டும் மறைவில் இருக்கின்றன. ஒன்று ஃப்ளைவீலுக்குப் பின்னால், மற்றொன்று கிளட்ச்சுக்கும் ஆயில் பம்ப்புக்கும் பின்னால். அவற்றைப் பார்க்க அந்தப் பாகங்களைக் கழற்றியாக வேண்டும். கழற்றிய பின் சோப்பு நீரைப் பூசி ஷாஃப்ட்டைத் திருப்பினால், பழுதான சீலின் உதட்டோரம் ஒரு குறிப்பிட்ட இடம் வரும்போதெல்லாம் சிறு குமிழி ஊதி உடைவதைக் காணலாம். அழுத்தத்தில் எதுவும் தெரியாமல் வெற்றிடத்தில் மட்டும் கசிந்தால், சோப்பு நீரைத் துடைத்துவிட்டு, சந்தேகப்படும் சீல் மேலே பார்க்கும்படி இயந்திரத்தைச் சாய்த்து வைத்து, உதட்டைச் சுற்றி இரண்டு மூன்று சொட்டு டூ ஸ்ட்ரோக் ஆயிலை விட்டு வெற்றிடம் இழுக்கவும். ஆயில் உள்ளே இழுக்கப்பட்டு, முள் சிறிது நேரம் நின்று, பிறகு மறுபடி விழத் தொடங்கினால் குற்றவாளி அந்தச் சீல்தான்.

இரு சோதனைகளிலும் என்ஜின் தேறிவிட்டதென்றால், சோதனைக்கு வெளியே விடப்பட்டதை நினைத்துப் பாருங்கள். கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் தகடு வைத்து மூடியதால், கார்புரேட்டரும் அது இன்டேக் ரப்பரோடு சேரும் முகமும் சோதிக்கப்படவே இல்லை. திராட்டில் ஷாஃப்ட்டை விரலால் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெளிவாகத் தெரிந்தால் அந்த வழியாகவும் காற்று போகும். அதற்குக் கார்புரேட்டரையே மாற்றுவதுதான் நடைமுறைத் தீர்வு.

சரிசெய்தல்: எளியவை

இன்டேக் ரப்பரை வெளியே எடுத்து, விரல்களால் விரித்து, எல்லாத் திசையிலும் வளைத்துப் பார்க்கவும். கிளாம்ப் அமரும் பள்ளத்தில் உள்பக்கமாக ஓடும் வெடிப்பு, வளைக்காதவரை மூடியே இருக்கும். வெடித்த ரப்பரை ஒட்டுப் போட்டுப் பயனில்லை. பெட்ரோலும் அதிர்வும் எந்தப் பசையையும் சில நாளில் கழற்றிவிடும். புதிய ரப்பரைப் பொருத்தும்போது அதன் உதடு எந்த இடத்திலும் உள்ளே மடிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இம்பல்ஸ் குழாயின் முனைகள் பளபளப்பாகி விறைத்திருந்தால் அதையும் சேர்த்தே மாற்றிவிடலாம். பிளக் வாஷர், டீகம்ப்ரஷன் வால்வு ஆகியவை பற்றிச் சொல்ல அதிகம் இல்லை: சுத்தம் செய்து இறுக்குங்கள், அதன் பிறகும் கசிந்தால் மாற்றுங்கள்.

சிலிண்டரின் அடி கேஸ்கெட்டில் கசிவு என்றால், போல்ட்டுகள் தளர்ந்திருக்கின்றனவா என்று முதலில் பார்க்கவும். தளராமலேயே கசிந்தால் சிலிண்டரைத் தூக்கிக் கேஸ்கெட்டை மாற்ற வேண்டும். பழைய கேஸ்கெட்டைச் சுரண்ட இரும்புக் கத்தியைப் பயன்படுத்தாதீர்கள். தொழில்முறை மாடல்கள் பலவற்றின் கிராங்க் கேஸ் மெக்னீசியக் கலவையால் ஆனது. எளிதில் கீறல் விழும், அந்தக் கீறலே அடுத்த கசிவாகிவிடும். பிளாஸ்டிக் துண்டும் கேஸ்கெட் கரைப்பானும் போதும். சிலிண்டரைத் திரும்ப இறக்கும்போது, பிஸ்டன் ரிங்கின் இரு முனைகளும் பள்ளத்தில் உள்ள சிறு பின்னுக்கு இருபுறமும் சரியாக அமர்ந்திருக்க வேண்டும். பின்னின் மேல் ரிங் ஏறி நின்ற நிலையில் சிலிண்டரை அழுத்தினால் ரிங் உடையும். போல்ட்டுகளைக் குறுக்குக் குறுக்காக, இரண்டு மூன்று தடவையில் இறுக்கவும்.

சில மாடல்களில் கேஸ்கெட்டுக்குப் பதிலாகப் பூச்சு மட்டுமே இருக்கும். சாதாரண சிலிக்கான் பூச்சு பெட்ரோலில் ஊறி உப்பிவிடும்; பெட்ரோலைத் தாங்கும் என்று உறையில் தெளிவாகக் குறிப்பிட்ட என்ஜின் பூச்சையே பயன்படுத்த வேண்டும். இரு முகங்களையும் ஆல்கஹால் கொண்டு எண்ணெய்ப் பசையில்லாமல் துடைத்து, மெல்லிய படலமாகப் பூசி, உறையில் சொன்ன நேரம் முழுதும் உலர விடவும். தாராளமாகப் பூசினால் மிச்சம் உள்ளே பிதுங்கி, துண்டு துண்டாக உடைந்து பேரிங்குக்குள் போகும்.

சரிசெய்தல்: ஆயில் சீல்

கிளட்ச்சைக் கழற்ற, கிராங்க் ஷாஃப்ட் சுற்றாமல் நிற்க வேண்டும். பிஸ்டன் மேலேறி, புகைத் துளையை முழுதும் மூடிய பிறகு, பிளக் துளை வழியாக நைலான் கயிற்றை மடித்து மடித்து உள்ளே திணித்தால் பிஸ்டன் அதில் மோதி நின்றுகொள்ளும். துளை மூடும் முன் கயிற்றை விட்டால், அது துளையில் சிக்கி நறுக்கப்பட்டுவிடும். கிளட்ச்சின் மரை பெரும்பாலான செயின்சாக்களில் இடது மரை. கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். இதை மறந்து எதிர்த்திசையில் பலம் போட்டால் ஷாஃப்ட்டின் மரையே போய்விடும். பெரும்பாலான கிளட்ச்சுகளில் கழற்றும் திசையை அம்புக்குறியிட்டுக் காட்டியிருப்பார்கள். ஃப்ளைவீல் நட் பொதுவாக வழக்கமான வலது மரைதான். நட்டை ஷாஃப்ட் நுனியோடு சமமாக வரும்வரை தளர்த்தி, அதற்குரிய புல்லரைக் கொண்டு ஃப்ளைவீலை இழுத்து எடுக்கவும்.

சீலைத் தொடும் முன் பேரிங்கைச் சோதியுங்கள். ஷாஃப்ட் நுனியைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் ஆட்டமே தெரியக் கூடாது. ஆட்டம் இருந்தால் எத்தனை புதிய சீல் போட்டாலும் சில மணி நேரத்தில் அதன் உதடு தேய்ந்துவிடும். கிராங்க் கேஸைப் பிரித்துப் பேரிங்கை மாற்றுவதுதான் வழி. அதற்குப் பேரிங்கை இழுக்கவும் ஏற்றவும் தனிக் கருவிகள் தேவை என்பதால், முதன்முறை செய்பவர் அந்தக் கட்டத்தில் அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் ஒப்படைப்பதே மேல்.

பேரிங் நன்றாக இருந்தால், பழைய சீல் எவ்வளவு ஆழத்தில் அமர்ந்திருக்கிறது என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அதன் முகத்தில் 15×22×7 என்பது போல மூன்று எண்கள் அச்சிடப்பட்டிருக்கலாம். உள்விட்டம், வெளிவிட்டம், கனம் ஆகியவற்றை மில்லிமீட்டரில் காட்டும் எண்கள் அவை. வளைந்த கொக்கிக் கருவியை உதட்டுக்கு அடியில் விட்டு, சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பி எடுக்கவும். கருவி ஷாஃப்ட்டையோ சீல் அமரும் குழியின் சுவரையோ கீறவே கூடாது. ஷாஃப்ட்டில் பழைய உதடு தேய்த்த வளையம் விரல் நகத்தில் தட்டுப்படும் அளவுக்கு இருந்தால், புதிய சீலை அரை மில்லிமீட்டர் அளவு முன்னோ பின்னோ நகர்த்தி, உதடு புதிய இடத்தில் படியும்படி அமர்த்தலாம். ஆனால் சீல் பேரிங்கைத் தொட்டுவிடக் கூடாது.

புதிய சீலை நேரடியாக ஷாஃப்ட்டில் தள்ளினால், மரையும் சாவிப் பள்ளமும் உதட்டை அறுத்துவிடும். வெட்டு கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறியதாக இருக்கும், ஆனால் வெற்றிடச் சோதனையில் தவறாமல் காட்டிக்கொடுக்கும். மெல்லிய பிளாஸ்டிக் தாளைக் குழல் போல ஷாஃப்ட்டின் மேல் சுற்றி, உதட்டில் சிறிது கிரீஸ் தடவி, உதட்டின் ஸ்ப்ரிங் உள்ள பக்கம் கிராங்க் கேஸைப் பார்க்கும்படி நுழைக்கவும். பிறகு சீலின் வெளி ஓரத்தில் மட்டும் படும் அளவுள்ள குழாய்த் துண்டையோ சாக்கெட்டையோ வைத்து, சாயாமல், குறித்துவைத்த ஆழம் வரை நேராகத் தட்டி இறக்கவும். இரு பக்கச் சீல்களும் ஒரே வயதுடையவை என்பதால், ஒன்று கெட்டால் இரண்டையும் மாற்றிவிடுவது நல்லது.

மூடும் முன்னும் பின்னும்

எல்லாவற்றையும் பூட்டுவதற்கு முன் இரு சோதனைகளையும் மறுபடி செய்ய வேண்டும். ஒரு கசிவு பெரிதாக இருந்தபோது மறைந்திருந்த இரண்டாவது கசிவு இப்போதுதான் தெரியவரும். தேறிய பிறகு ஃப்ளைவீலைப் பொருத்தி, அதன் காந்தத்துக்கும் இக்னிஷன் காயிலுக்கும் இடையே மேனுவல் சொல்லும் இடைவெளியை, பெரும்பாலும் 0.3 மி.மீ. அளவை, வைத்து இறுக்கவும்.

கசிவு இருந்த காலத்தில் திருப்பிவைத்த ஸ்க்ரூ நிலைகள் இனிப் பொருந்தாது. ‘எல்’, முழு வேகக் கலவையை அமைக்கும் ‘எச்’ இரண்டையும் மேனுவலில் உள்ள தொடக்க நிலைக்கு, பல மாடல்களில் மெதுவாக முழுதும் மூடி ஒரு சுற்றுத் திறந்த நிலைக்கு, கொண்டுவந்து அங்கிருந்து தொடங்குங்கள். என்ஜின் சூடானதும் ‘எல்’ ஸ்க்ரூவைச் சரிசெய்து, பிறகு ஐட்லிங் ஸ்க்ரூவால் செயின் அசையாத சுற்றுக்குக் கொண்டுவரவும். பெரும்பாலான மாடல்களில் இது நிமிடத்துக்கு 2,500 முதல் 3,000 சுற்றுகள் வரை இருக்கும். ‘எச்’ ஸ்க்ரூவை, சுற்றுகளை அளக்கும் டேக்கோமீட்டர் வைத்து, மேனுவல் சொல்லும் உச்சச் சுற்றைத் தாண்டாமல் அமைக்க வேண்டும். டேக்கோமீட்டர் இல்லாவிட்டால் சற்றுப் பெட்ரோல் கூடிய பக்கமாகவே விட்டுவிடுங்கள்: சுமையில்லாமல் முழு வேகத்தில் ஓசை சற்றுக் கரகரத்து, மரத்தில் வைத்ததும் அந்தக் கரகரப்பு மறைந்து தெளிவாக வந்தால் போதும். கலவையைத் தானே சரிசெய்துகொள்ளும் மின்னணுக் கார்புரேட்டர் உள்ள மாடல்களில் இந்த ஸ்க்ரூக்கள் இருக்காது. அவை ஓரளவு கசிவைத் தாமே ஈடுகட்டி மறைத்துவிடும் என்பதால், பம்ப் சோதனை அவற்றுக்கு இன்னும் அவசியம்.

முதல் டேங்க் பெட்ரோல் தீர்ந்ததும் என்ஜினை ஆறவிட்டு, சைலன்சர் போல்ட்டுகளையும் இன்டேக் கிளாம்ப்பையும் ஒருமுறை இறுக்கி, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெளிர் பழுப்பு நிறம் இருந்தால் கலவை சரி. வெளுத்துச் சுண்ணாம்பு போல இருந்தால், ஸ்க்ரூவைத் தொடும் முன் பம்ப்பை மறுபடி இணைக்கவும்.